ஸ்கைடைவிங்குக்குத் திரும்புகிறீர்களா? கியர் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

இருபது, நாற்பது, எண்பது ஜம்ப் வரை போட்டுவிட்டு, வேலை, குழந்தை, விசா, முட்டி வலி என்று ஏதோ ஒன்றில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். மறுபடி விமானம் ஏற நினைக்கும்போது அவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். இங்கே சொல்லியிருப்பது அமெரிக்க நடைமுறை: யூஎஸ்பிஏ என்ற அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிகளும், எஃப்ஏஏ என்ற விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிகளும். வேறு நாட்டில் குதிப்பவர்கள் அந்த ஊர் சங்கத்தின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கியர் பற்றிய பகுதி எல்லோருக்கும் பொருந்தும்.

ஏ லைசென்ஸ் (ஏ முதல் டி வரை நான்கில் முதல் படி) இருக்கிறது, 40 ஜம்ப். நான்கு வருடம் டிராப்ஸோன் (குதித்து இறங்கும் இடம்) பக்கமே போகவில்லை. முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். யூஎஸ்பிஏ உறுப்பினர் சந்தாவைப் புதுப்பித்தால் பழைய லைசென்ஸ் மறுபடி செல்லும். ஆனால் லைசென்ஸ் செல்லுபடியாவது வேறு, உங்களைத் தனியாக விமானத்தில் ஏற்றுவது வேறு. ஏ லைசென்ஸ்காரர் 60 நாளுக்கு மேல் குதிக்கவில்லை என்றால், இன்ஸ்ட்ரக்டர் மேற்பார்வையில் குறைந்தது ஒரு ஜம்ப் போட வேண்டும் என்பது யூஎஸ்பிஏ வழிகாட்டல். பி லைசென்ஸுக்கு அது 90 நாள்; சி, டி என்றால் ஆறு மாதம்.

நான்கு வருடம் என்றால் ஒரு ஜம்ப்போடு முடியாது என்று நினைத்துக்கொண்டே போங்கள். சில மணி நேரத் தரைப் பயிற்சி, அப்புறம் ஏஎஃப்எஃப் (மாணவரோடு சேர்ந்து குதித்துக் கற்றுத்தரும் முறை) இன்ஸ்ட்ரக்டர் கூடவே குதிக்கும் ஒரு ஜம்ப், தேவைப்பட்டால் இன்னொன்று. எவ்வளவு என்பதை முடிவு செய்வது அந்த டிராப்ஸோன். கிளம்பும் முன்பே ஃபோன் போட்டு, கடைசியாகக் குதித்த தேதியை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அங்கே உள்ளவர்கள் லாக்புக்கில் முதலில் தேடுவது மொத்த எண்ணிக்கையை இல்லை, அந்தத் தேதியைத்தான். 300 ஜம்ப் போட்டுப் பத்து வருடம் விட்டவரைவிட, 40 போட்டுப் போன மாதமும் குதித்தவரை அவர்கள் அதிகம் நம்புவார்கள். அது சரிதான்.

எது முதலில் மறந்துபோகும்?

ஃப்ரீஃபால், அதாவது பாராசூட் திறக்கும் முன் விழுவது, அவ்வளவாக மறப்பதில்லை. முதல் ஜம்ப்பில் கொஞ்சம் ஆடும், இரண்டாவதில் உடம்பு தானே வளைந்துகொள்ளும். போய்விடுவது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, அவசர நடைமுறை. மெயின் பாராசூட் சரியாக விரியவில்லை என்றால் அதைக் கழற்றிவிடும் கட்அவே கைப்பிடியைப் பார்க்க வேண்டும், பிடிக்க வேண்டும், இழுக்க வேண்டும். அப்புறம் ரிசர்வ், அதாவது மாற்றுப் பாராசூட்டின் கைப்பிடி. வாயால் சொல்லச் சொன்னால் யாரும் ஒழுங்காகச் சொல்வார்கள். கை அதைச் செய்கிறதா என்பதுதான் கேள்வி. ஹார்னஸை (உடம்பில் மாட்டும் பட்டைகள்) மாட்டி அந்தரத்தில் தொங்கவிட்டு, பிரச்சினைப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிப் பயிற்சி தரும் ஏற்பாடு பல டிராப்ஸோன்களில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். எந்த உயரத்தில் முடிவெடுப்பது என்பதும் மனதில் பதிய வேண்டும். மாணவருக்கும் ஏ லைசென்ஸ்காரருக்கும் 2,500 அடி, பி முதல் டி வரை 1,800 அடி. அதற்குக் கீழே போன பிறகு யோசித்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

இரண்டாவது, தரையிறக்கம். ஃப்ளேர் (தரை தொடும் முன் இரு கைப்பிடிகளையும் இழுத்து வேகம் குறைப்பது) பண்ணும் உயரத்தை எந்த மீட்டரும் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். அந்தக் கண் சில மாதத்திலேயே மழுங்கிவிடும். உயரத்திலேயே ஃப்ளேர் பண்ணிவிட்டுப் பயந்து கையை மேலே விடுவது, அதனால் கேனோபி (விரிந்த பாராசூட்) முன்னால் பாய்ந்து மோதுவது எல்லாம் திரும்பி வந்தவர்களிடம் அடிக்கடி பார்க்கிற காட்சி. சீக்கிரம் ஃப்ளேர் பண்ணிவிட்டால் கையை அங்கேயே நிறுத்துங்கள், காலைச் சேர்த்து வையுங்கள், விழுந்து உருளத் தயாராகுங்கள். உருண்டு விழுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. நின்றுதான் இறங்குவேன் என்ற பிடிவாதத்தில் உடைந்த கணுக்கால்கள் நிறைய.

விண்ட் டனலில் (கீழிருந்து காற்றடித்து மிதக்கவிடும் கூடம்) ஒரு மணி நேரம் பறந்துவிட்டுப் போனால் போதுமா?

உடம்பைச் சரியான நிலையில் வைக்கப் பழக நல்லது, காசு இருந்தால் செய்யுங்கள். ஆனால் டனலில் கதவைத் தாண்டும் பதற்றம் இல்லை, உயரம் பார்க்கும் பழக்கம் இல்லை, கேனோபியும் இல்லை. விபத்து நடப்பதோ பெரும்பாலும் கேனோபி விரிந்த பிறகு. அந்தக் காசில் பாதியை ஒரு கேனோபி கோர்ஸுக்கு ஒதுக்குங்கள். பி லைசென்ஸுக்கு எப்படியும் கேனோபிப் பயிற்சி அட்டையை முடித்தாக வேண்டும்.

நான் விட்டுப்போனது 2000களில். என்ன மாறியிருக்கிறது?

பல மாற்றங்கள். ரிசர்வ் மடிப்பு 120 நாளுக்கு ஒருமுறை என்று இருந்தது 2008 இறுதியில் 180 நாள் ஆனது. சி, டி லைசென்ஸ்காரர்கள் பாராசூட் திறக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் 2,000 அடியிலிருந்து 2,500 அடியாக 2013இல் உயர்ந்தது. ஏ லைசென்ஸுக்கு 3,000 அடி, பி-க்கு 2,500 அடி. நீங்கள் ஏ என்றால் அந்த 3,000-ஐ எல்லைக்கோடாக மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னும் மேலேயே திறந்துவிடுங்கள். மணிக்கு 120 மைல் வேகத்தில் 1,000 அடி கடக்க ஆறு வினாடிகூட ஆகாது.

கியரில் பார்த்தால், கால்பட்டையில் சொருகிய பைலட் சூட்டும் (மெயினை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) வெல்க்ரோ மூடிகளும் அநேகமாகப் போய்விட்டன. பைலட் சூட் இப்போது கன்டெய்னரின் (பாராசூட்களை மடித்து வைக்கும் முதுகுப் பை) அடியில், இடுப்புக்குப் பின்னால் இருக்கும். பழைய இடத்துக்குக் கை போய்ப் பழகியவர்கள் தரையிலேயே நூறு தடவை தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் பேட்டர்ன் (தரையிறங்கச் சுற்றி வரும் பாதை) ஒழுக்கம். தரையிறங்கும் பகுதியில் யார் எந்தப் பக்கம் திரும்பலாம், எந்த உயரத்தில் திரும்பலாம் என்பதில் டிராப்ஸோன்கள் முன்னைவிடக் கறாராக இருக்கின்றன. கேனோபியோடு கேனோபி மோதி ஆட்கள் இறந்த பிறகு வந்த கறார் அது.

அலமாரியில் என் பழைய ரிக் (பை, பாராசூட்கள் எல்லாம் சேர்ந்த செட்) அப்படியே இருக்கிறது. அதையே மாட்டிக்கொண்டு போகலாமா?

மாட்டிக்கொண்டு போகாதீர்கள், காரில் போட்டு ரிகரிடம் (பாராசூட் மடித்துப் பழுதுபார்க்கும் சான்று பெற்றவர்) கொண்டுபோங்கள். ரிசர்வ் மடிப்புக் காலம் எப்படியும் முடிந்திருக்கும். ரிகர் பார்க்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு: ஏஏடியின் (ரிசர்வைத் தானாகத் திறக்கும் கருவி) ஆயுள், மெயின் லைன்களின் (கயிறுகளின்) நிலை, வெயிலும் ஈரமும் ஹார்னஸ் துணியை என்ன செய்திருக்கின்றன, அந்த மாடலுக்கு உற்பத்தியாளர் ஏதாவது எச்சரிக்கை அறிவிப்பு விட்டிருக்கிறாரா.

எஃப்-111 துணியில் தைத்த பழைய மெயின் என்றால் விட்டுவிடுங்கள். அந்தத் துணி சில நூறு ஜம்ப்பிலேயே காற்றைக் கசியவிட ஆரம்பிக்கும், ஃப்ளேர் வலுவிழக்கும். காற்றைக் கசியவிடாத ஜீரோ போரோசிட்டி துணி வந்த பிறகு மெயினுக்கு அதை யாரும் விரும்புவதில்லை.

இன்னொன்று, ரிக் மாறாமல் இருந்திருக்கலாம். நீங்கள் மாறாமல் இருந்திருக்கிறீர்களா? அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

விங் லோடிங் என்கிறார்களே, அதை எப்படிக் கணக்கிடுவது?

விமானத்தை விட்டு வெளியேறும்போது உங்கள் மொத்த எடை பவுண்டில். அதாவது உடம்பு, உடை, ஹெல்மெட், ரிக் எல்லாம் சேர்த்து. அதைக் கேனோபியின் சதுர அடியால் வகுக்க வேண்டும். 75 கிலோ ஆள் என்றால் 165 பவுண்டு, கியர் சுமார் 25 பவுண்டு, மொத்தம் 190. அவர் 190 சதுர அடி கேனோபியில் பறந்தால் விங் லோடிங் 1.0.

அதே ஆள் அன்று 170 கேனோபியில் 1.12-ல் பறந்துகொண்டிருந்தார் என்று வையுங்கள். ஆறு வருடத்தில் பத்து கிலோ ஏறிவிட்டது. இப்போது மொத்தம் 212 பவுண்டு. அதே 170, ஆனால் லோடிங் 1.25. கேனோபியை மாற்றாமலேயே அவர் வேகமான கேனோபிக்குப் போய்விட்டார், அதுவும் கண்ணும் கையும் மழுங்கிய நிலையில். டாக்டரிடம் சொல்லும் எடையைக் கணக்கில் போடாதீர்கள். ரிக்கோடு தராசில் ஏறி நில்லுங்கள்.

தொடக்க நிலையில் இருப்பவர்கள் 1.0-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பரவலான அறிவுரை. திரும்பி வருபவருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே நான் சொல்வேன்.

நான் ஒல்லி, 55 கிலோ. அப்படியென்றால் 1.0-க்கு 146 சதுர அடி. 150 வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்த வகுத்தல் கணக்கு சின்ன கேனோபிகளில் ஏமாற்றும். 150-இன் லைன்கள் 190-இன் லைன்களைவிடக் குட்டை. அதனால் அது சட்டென்று திரும்பும், கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தாலும் உடனே கேட்கும். 1.0 லோடிங்கில் 150 காட்டும் துடுக்கை அதே 1.0 லோடிங்கில் 190 காட்டாது. உங்களுக்கு 170 சரியாக இருக்கும், லோடிங் 0.86 ஆனாலும். "உனக்கு இது ரொம்பப் பெரிசு" என்று பேக்கிங் பாயில் உட்கார்ந்திருக்கும் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும்.

பெரிய கேனோபி என்றால் காற்றில் பின்னால் போய்விடுமாமே? சீக்கிரம் சலித்தும் போய்விடுமாமே?

பின்னால் போகும் அளவுக்குக் காற்று அடித்தால் உங்கள் அனுபவத்துக்கு அது குதிக்கும் நாள் இல்லை. கீழே உட்கார்ந்து டீ குடியுங்கள். மேலே போய்விட்டு "கேனோபி சிறியதாக இருந்திருக்கலாம்" என்று வருந்துவதற்கும் ஒரு தடவை போதும், அது உண்மைதான். ஆனால் அதைத் தீர்ப்பது காற்று வரம்பு, கேனோபி சைஸ் இல்லை.

சலிப்பு பற்றி: 190-ஐ வைத்துக்கொண்டு பின் ரைசரால் (லைன்களை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) திருப்புவது, பிரேக் போட்டபடியே அணுகுவது, குறுக்குக் காற்றில் இறங்குவது, ஒரு தட்டு அளவு இடத்தில் குறிவைத்து இறங்குவது என்று கற்க நிறைய இருக்கிறது. அத்தனையும் அதில் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சலித்துவிட்டது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பத்து மீட்டருக்குள் இறங்கக்கூட வராது.

எந்த அளவு சரி என்று சந்தேகம் வரும்போது உங்கள் நல்ல தரையிறக்கத்தை நினைக்காதீர்கள். டிராப்ஸோனுக்கு வெளியே, தெரியாத ஒரு வயலில், மின்கம்பிக்கும் வேலிக்கும் நடுவில், காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல், களைத்துப்போய் இறங்குவதை நினையுங்கள். அந்த இறக்கத்துக்கு எந்தக் கேனோபி வேண்டுமோ அதை வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

உயரமான ஊரில் குதிப்பவர்கள் இன்னும் ஒரு சைஸ் கூட்டலாம். கொலராடோவின் லாங்மான்ட் போல கடல் மட்டத்துக்கு 5,000 அடி மேலே உள்ள இடங்களில் காற்று மெலிசு. அதே கேனோபி வேகமாகவே தரைக்கு வரும். கோடை மதிய வெயிலும் அதையேதான் செய்யும்.

சரி, எந்த மாடல்?

ஒன்பது செல் (காற்று நிறையும் அறைகள்), ஜீரோ போரோசிட்டி துணி, ஓரம் லேசாக மட்டும் வளைந்த வடிவம். இந்த வகையில் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸின் சேபர் 2, சேபர் 3, ஏரோடைனின் பைலட், முன்பு நியூசிலாந்து ஏரோஸ்போர்ட்ஸ் என்றிருந்த ஜைரோவின் சஃபையர் எல்லாம் பலர் பறக்கும் கேனோபிகள். இவற்றில் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்தைவிட, சைஸில் நீங்கள் எடுக்கும் முடிவு பல மடங்கு முக்கியம். மிருதுவாகத் திறக்க வேண்டும், திசை மாறாமல் திறக்க வேண்டும் என்பவர்கள் ஏழு செல் ஸ்பெக்டரை யோசிக்கலாம். மலிவாகக் கிடைக்கும் பழைய, எண் போடாத சேபர் ஒரு நல்ல கேனோபிதான், ஆனால் படாரென்று திறப்பதில் பேர் வாங்கியது. முதுகுவலிக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் பறந்து பாருங்கள். பல உற்பத்தியாளர்கள் டெமோ கேனோபி தருகிறார்கள். ஒரு வார இறுதியில் நாலைந்து ஜம்ப் போட்டால் விமர்சனங்கள் சொல்லாதது தெரியும்.

நீள்வட்ட வடிவம், குறுக்கு விலா உள்ள கேனோபி, "உயர் செயல்திறன்" என்று அட்டையில் எழுதியது எதுவும் இப்போது வேண்டாம்.

உடனே வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வாடகை. முதல் இருபது முப்பது ஜம்ப்பாவது. திரும்பி வந்தவர்களில் கணிசமானவர்கள் ஒரு சீசன் குதித்துவிட்டு மறுபடி நின்றுவிடுகிறார்கள். எடையும் இந்தச் சமயத்தில்தான் ஏறி இறங்கும். புதிய முழு செட் இன்று 8,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அகலக்கால் வைத்துவிட்டு, பணத்துக்காகவாவது குதித்தாக வேண்டும் என்று காற்று அடிக்கும் நாளிலும் மேலே போவது நல்ல நிலை இல்லை.

வாடகை ரிக்கில் ஒரு சிரமம் உண்டு. ஒவ்வொரு தடவையும் வேறு ரிக், வேறு கைப்பிடி. முடிந்தால் ஒரே ரிக்கைக் கேட்டு வாங்குங்கள். எந்த ரிக்காக இருந்தாலும் மாட்டிய உடனே மூன்று கைப்பிடிகளையும் (பைலட் சூட், கட்அவே, ரிசர்வ்) தொட்டுப் பாருங்கள்.

ரிசர்வ் எந்த சைஸ்? அதை அநேகமாகப் பயன்படுத்தப் போவதில்லையே, சிறியதாக வாங்கினால் ரிக் சின்னதாக இருக்குமே?

ரிசர்வை நீங்கள் பயன்படுத்தும் நாளைக் கற்பனை பண்ணிப் பாருங்கள். தாழ்ந்த உயரம், பதற்றம், டிராப்ஸோனிலிருந்து தள்ளி. ஏஏடி திறந்திருந்தால் நீங்கள் நினைவில்லாமலும் இருக்கலாம். அப்போது ஃப்ளேர் பண்ண ஆளே இல்லை. அந்த நாளில் கைக்குட்டை அளவு துணிக்குக் கீழே தொங்குவதா? ரிசர்வ் மெயினின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்கட்டும்.

லேபிளில் எழுதிய அதிகபட்ச எடை, துணி கிழியாமல் தாங்கும் எடை. அந்த எடையில் மெதுவாக இறங்குவீர்கள் என்ற உறுதிமொழி இல்லை. பருமன் குறைவாக வேண்டும் என்றால், மெல்லிய துணியில் வரும் ஆப்டிமம் போன்றவை அதே கன்டெய்னரில் ஒரு சைஸ் பெரிய ரிசர்வுக்கு இடம் தரும். காசு கொஞ்சம் கூட.

ஏஏடி கட்டாயமா?

மாணவர்களுக்கும் டாண்டம் (இருவர் சேர்ந்து குதிக்கும்) ரிக்குகளுக்கும் கட்டாயம். லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் பொதுச் சட்டம் இல்லை, பல டிராப்ஸோன்கள் தாங்களே கட்டாயமாக்கியிருக்கின்றன. என் பதில்: ஏஏடி இல்லாமல் ஏறாதீர்கள். கியருக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு இதில் மிச்சம் பிடிப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதை.

ஜெர்மனியின் ஏர்டெக் 1991இல் சைப்ரஸைக் கொண்டுவந்த பிறகுதான் அனுபவசாலிகளும் ஏஏடியை நம்பிப் போட ஆரம்பித்தார்கள். இன்று பெல்ஜியத்தின் விஜில், செக் நாட்டின் எம்2 ஆகியவையும் இருக்கின்றன. சைப்ரஸின் எக்ஸ்பர்ட் வகை, சுமார் 750 அடியில் நீங்கள் இன்னும் மணிக்கு 78 மைலுக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வை மூடி வைத்திருக்கும் லூப்பை வெட்டிவிடும். முழு வேகத்தில் அந்த 750 அடி நான்கு வினாடி சொச்சம். அதனால் ஏஏடியை நம்பித் தாழத் திறக்கும் பேச்சுக்கே இடம் இல்லை. வெட்டும் உயரத்தைக் கூட்டி வைக்கும் வசதி புதிய கருவிகளில் உண்டு. உங்கள் ரிசர்வுக்கும் டிராப்ஸோனுக்கும் அது பொருந்துமா என்று ரிகரிடம் கேளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் தயாரித்த தேதியைப் பாருங்கள். ஆயுள் மாடலுக்கு மாடல் மாறும். முதல் தலைமுறை சைப்ரஸ் எல்லாம் ஆயுள் முடிந்தவை. யாராவது "ஏஏடியோடு தருகிறேன்" என்று அதைக் காட்டினால் அதன் மதிப்பு பூஜ்யம் என்று வைத்துப் பேரம் பேசுங்கள்.

ஆர்எஸ்எல் வேண்டுமா? சில பெரிய ஆட்கள் அதைக் கழற்றி வைத்திருக்கிறார்களே?

வேண்டும். மெயினைக் கட்அவே செய்ததும், பிரிந்து போகும் ரைசரே ஒரு பட்டையை இழுத்து ரிசர்வைத் திறந்துவிடும், அதுதான் ஆர்எஸ்எல். அதற்கு அடுத்த படி, பிரிந்து போகும் மெயினின் இழுவையைக் கொண்டே ரிசர்வை வேகமாக வெளியே உருவும் ஏற்பாடு. அதில் பிரபலமானது பில் பூத்தின் ஸ்கைஹுக். மெயினைக் கழற்றும் மூன்று வளைய அமைப்பை 1970களில் கண்டுபிடித்தவரும் அவர்தான். கட்அவே செய்துவிட்டு ரிசர்வை நேரத்துக்கு இழுக்காமல் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாவுகளைத் தடுக்கத்தான் இது.

கழற்றி வைத்திருக்கும் ஆட்கள் வேறு வகைக் குதிப்பு குதிக்கிறார்கள்: கேமரா, கேனோபிகளை ஒன்றோடொன்று கோத்துப் பறப்பது. அவர்களுடைய காரணம் உங்களுக்குப் பொருந்தாது.

செகண்ட் ஹேண்டில் ரிக் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

நல்ல ரிக்குகள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன, முதல் ரிக்குக்கு அதுவே புத்திசாலித்தனம். ஆனால் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். ரிக்கை நேராக உங்கள் ரிகருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவர் பிரித்துப் பார்த்து ஓகே சொன்ன பிறகு பணம். நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த ரிக்கைப் பாருங்கள். சீரியல் எண்களை முன்பே கேட்டு வாங்குங்கள். திருட்டுக் கியர் சந்தையில் சுற்றுகிறது.

ரிகர் என்ன பார்ப்பார் என்று தெரிந்திருந்தால் நீங்களும் கேள்வி கேட்கலாம். லைன்கள் முதலில். ஸ்பெக்ட்ரா லைன், ஸ்லைடர் (திறப்பை மெதுவாக்க லைன்களில் வழுக்கி இறங்கும் துணி) உரசும் சூட்டில் சுருங்கும். ஓரத்து லைன்களும் கன்ட்ரோல் லைன்களும் அதிகம் சுருங்கி, கேனோபி வடிவம் குலையும், திறப்பு கோணலாகும். வெக்ட்ரான், ஹெச்எம்ஏ வகை லைன்கள் சுருங்காது, ஆனால் தேய்ந்துபோய்த் திடீரென்று அறுந்துவிடும். புது லைன்செட் சில நூறு டாலர் செலவு. அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் அட்டையில் எத்தனை மடிப்பு, எத்தனை உபயோகம் என்று பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் ரிசர்வுகளை 40 மடிப்பு அல்லது 25 திறப்பு ஆனதும் தொழிற்சாலைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஸ்லைடர் வளையங்களில் பிசிறு, மூன்று வளையத்தில் கேபிள் நிலை, ஹார்னஸ் தையல், பைலட் சூட்டின் துணி, இவையும் பட்டியலில் உண்டு.

இன்னொரு பொறி: கன்டெய்னர் சைஸ். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் இத்தனை முதல் இத்தனை சதுர அடி வரை என்று ஒரு எல்லை இருக்கும். 150-க்குத் தைத்த கன்டெய்னரை மலிவாக வாங்கிவிட்டு 190-ஐ அதில் திணிக்க முடியாது. பலர் அந்த நேரத்தில் கேனோபியைக் குறைத்து வாங்கிவிடுகிறார்கள். பை முடிவு செய்கிறது, நீங்கள் எந்த வேகத்தில் தரைக்கு வருவீர்கள் என்பதை. முதலில் மெயின், ரிசர்வ் சைஸை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கன்டெய்னரைத் தேடுங்கள்.

ஹார்னஸ் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் பரவாயில்லையா?

இல்லை. தோளில் நழுவும் ஹார்னஸில் கைப்பிடிகள் நீங்கள் பழகிய இடத்தில் இருக்காது. மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். தேவையென்றால் உற்பத்தியாளரிடமோ மாஸ்டர் ரிகரிடமோ அளவு மாற்றித் தைக்கலாம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

ஹெல்மெட், ஆல்டிமீட்டர் (உயரம் காட்டும் கருவி), கேமரா?

ஹெல்மெட் இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் கட்டும் ஆல்டிமீட்டர் முதலில். காதில் கூவும் ஆடிபிள் அதற்குத் துணை, மாற்று இல்லை. பேட்டரி தீரும் நாள் ஒன்று வரும். கேமராவுக்கு 200 ஜம்ப் ஆகட்டும், யூஎஸ்பிஏ பரிந்துரையும் அதுதான். சின்ன கேமராதானே என்பார்கள். அதில் லைன் சிக்குவதும் உண்டு, படம் எடுக்கும் நினைப்பில் உயரம் பார்க்க மறப்பதும் உண்டு. விங்சூட்டுக்கு (துணி இறக்கை வைத்த உடை) 200 என்பது பரிந்துரையைத் தாண்டிய விதி.

மெயினை நானே மடிக்கலாமா?

நீங்கள் குதிக்கப்போகும் மெயினை நீங்களே மடிக்கலாம். புது ஜீரோ போரோசிட்டி துணி சோப்பு போல வழுக்கும், முதல் சில தடவை கோபம் வரும். ரிசர்வ் மட்டும் எஃப்ஏஏ சான்றுள்ள ரிகர் கையால்தான்.

எப்போது சிறிய கேனோபிக்குப் போகலாம்?

எண்ணிக்கையைச் சொல்லச் சொன்னால் சொல்ல மாட்டேன். இப்போது இருப்பதில் காற்றில்லாத நாள், காற்றடிக்கும் நாள், குறுக்குக் காற்று, தெரியாத இடம் எல்லாவற்றிலும் நினைத்த இடத்தில் நின்று இறங்குகிறீர்களா? தாழ்ந்த உயரத்தில் யாராவது குறுக்கே வந்தால், பெரிதாகச் சாயாமல் பிரேக்கிலேயே தட்டையாகத் திருப்பத் தெரியுமா? உங்களைப் பார்த்த கேனோபி கோச் "சரி, போகலாம்" என்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஒரே ஒரு சைஸ் கீழே, அதே மாடலில். சைஸையும் மாடலையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். அடுத்த இடைவெளி வந்தால் மறுபடி பழைய சைஸுக்கு ஏறிக்கொள்ளுங்கள். அதற்காகவே பழைய கேனோபியை உடனே விற்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு.

50 வயது தாண்டிவிட்டது. உடம்பு ஒத்துழைக்குமா?

ஐம்பது, அறுபதுகளில் வழக்கமாகக் குதிப்பவர்கள் ஏராளம். கேட்க வேண்டிய கேள்வி தோள்பட்டையைப் பற்றி. முன்பு எப்போதாவது மூட்டு விலகியிருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் போகாதீர்கள். ஃப்ரீஃபாலில் கை விலகினால் கைப்பிடியைத் தொட முடியாது. படிக்கும் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தால், ஆல்டிமீட்டர் எண் தெரிகிறதா என்று தரையில் கண்ணாடி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய எண் உள்ள முகப்பு கிடைக்கும்.

எந்த மாதத்தில் திரும்புவது நல்லது?

வடக்கு மாநிலங்களில் பல டிராப்ஸோன்கள் குளிர்காலத்தில் மூடிவிடும். வசந்தத்தில் அங்கே எல்லோருமே துருப்பிடித்துத்தான் வருவார்கள். மார்ச்சில் பல டிராப்ஸோன்கள் பாதுகாப்பு நாள் நடத்துகின்றன. ஹார்னஸ் பயிற்சி, ரிகரிடம் கேள்வி, பேட்டர்ன் விளக்கம் எல்லாம் ஒரே இடத்தில், பெரும்பாலும் இலவசமாக. அதில் உட்கார்ந்துவிட்டு ஏப்ரல், மே மாதத்தில் ஒரு சாதாரண வாரநாளாகப் பார்த்துப் போங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் இன்ஸ்ட்ரக்டருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது, வானத்திலும் கேனோபிகள் அதிகம். அரிசோனாவின் ஈலாய், ஃப்ளோரிடாவின் டீலேண்ட் போன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்குக் குளிர்காலமே சீசன். அங்கே மட்டும் பண்டிகை விடுமுறை வாரங்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.